தொலைத்தது வங்கி, புகார் மட்டும் நம் பெயரிலா?

வீட்டுக் கடன் வாங்கியவர்கள் எல்லோரும் இதைப் படியுங்கள். கடைசித் தவணை வரை கட்டி, கடன் பாக்கி இல்லை என்று கடிதமும் வாங்கியாயிற்று. பத்திரத்தைக் கேட்டால் "சென்ட்ரல் ஸ்டோரேஜிலிருந்து வரணும் சார்" என்றே வாரக்கணக்கில் இழுத்தார்கள். கடைசியில் கிளை மேலாளர் டைப் அடித்த தாள் ஒன்றை என் முன்னால் நகர்த்துகிறார். "எனது அசல் பத்திரங்கள் பயணத்தின்போது கைதவறித் தொலைந்துவிட்டன" என்று அதில் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டு, அதைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டுமாம். பேப்பர் விளம்பரமும் என் செலவில்தானாம்.

வயிறு எரிகிறது. கடன் கொடுக்கும் அன்று கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரம் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, பக்கம் பக்கமாக எண்ணி வாங்கியவர்கள் இவர்கள். ஒரு தவணை தள்ளிப்போனால் காலையிலேயே போன் வரும். இன்று அவர்கள் தொலைத்ததை நான் தொலைத்ததாகப் பொய் எழுதித் தர வேண்டுமா?

தயவுசெய்து யாரும் அப்படி எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அந்தக் கையெழுத்து விழுந்த நிமிடமே வங்கி தப்பித்துக்கொள்ளும். நாளைக்கு இழப்பீடு கேட்டால் "நீங்களே தொலைத்ததாகச் சொன்னீர்களே" என்று அதே தாளைத்தான் நீட்டுவார்கள். பத்திரம் எங்கள் வசம் இருந்தபோதுதான் காணாமல் போனது என்று வங்கி தன் லெட்டர்ஹெட்டில் எழுதித் தரட்டும், போலீஸ் புகாரும் வங்கியே கொடுக்கட்டும். கடன் வாங்கிய அன்று கொடுத்த பத்திரப் பட்டியலின் நகலை மட்டும் உயிரே போனாலும் தொலைத்துவிடாதீர்கள். என்னென்ன ஒப்படைத்தோம் என்பதற்கு அதுதான் சாட்சி.

இதெல்லாம் சட்டத்தில் இல்லாத விஷயமா? கடன் தீர்ந்தால் பத்திரத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை சொத்து மாற்றுச் சட்டத்தின் 60-வது பிரிவிலேயே இருக்கிறது. அது 1882-ம் வருடத்துச் சட்டம். ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13-ல் தெளிவாகவே உத்தரவு போட்டது. கடனை முழுதாக அடைத்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் தர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும். தொலைந்துபோயிருந்தால் சான்றிட்ட நகல் வாங்க வங்கி உதவ வேண்டும், அதற்கான செலவும் வங்கியுடையது. அதற்காகக் கூடுதலாக 30 நாள் அவகாசம் உண்டு. ஆக, 60 நாள் தாண்டினால் மாதத்துக்கு ஒன்றரை லட்சம் ரூபாய்! பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டிய நாள் 2023 டிசம்பர் 1 அன்றோ அதற்குப் பிறகோ வரும் கடன்களுக்கு இது பொருந்தும். கிளையில் இதைச் சொன்னால் "அப்படி ஒரு சர்க்குலரா?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்கள்.

"சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் போட்டுக்கலாமே, என்ன குறைந்துவிடப் போகிறது?" என்பவர்களைக் கண்டால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. வீட்டை விற்கப் போய்ப் பாருங்கள். வாங்க வருகிறவரின் வக்கீல் முதலில் கேட்பதே ஒரிஜினலைத்தான். இல்லை என்றதும் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள், மீதிப் பேர் அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். அந்த ஒரிஜினல் யார் கையில் சிக்கி என்ன ஆகுமோ என்ற பயம் வேறு.

2023-ல் பெங்களூருக்காரர் ஒருவரின் வழக்கில் தேசிய நுகர்வோர் ஆணையம் வங்கியை 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. பத்திரத்தைத் தொலைத்தது கூரியர் கம்பெனி என்று அந்த வங்கி கைகாட்டியது. ஆணையம் அதை ஏற்கவில்லை.

எனவே வாயால் பேசிக்கொண்டிருக்காமல் எழுத்தில் புகார் கொடுத்து, முத்திரையோடு ரசீது வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால், அல்லது மழுப்பலான பதில் வந்தால், வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) ஆன்லைனிலேயே போகலாம், கட்டணம் இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். வங்கியின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். போடும்போது நகல் செலவோடு நிறுத்திவிடாமல், ஒரிஜினல் இல்லாததால் சொத்தின் விலையில் விழும் அடியையும் சேர்த்தே கேளுங்கள்.