கழுத்தை நிமிர்த்தறது அழகுக்காம்

என் பொண்ணோட தீக்காயத் தழும்பு வைத்தியத்துக்குக் கேட்ட இன்சூரன்ஸ் க்ளெய்ம் மூணாவது தடவையும் ரிஜெக்ட். காரணம் அதே ஒத்த வார்த்தை. காஸ்மெடிக். மெயிலைப் படிச்சதும் கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு, போனை அடுப்பு மேடையிலயே வச்சுட்டு வாசல்ல போய் நின்னுட்டேன்.

என் பொண்ணுக்கு பதினொரு வயசு. ரெண்டு வருஷம் முன்னாடி அத்தை சோறு வடிக்கறப்போ குறுக்க ஓடி வந்துட்டா. கொதிக்கற கஞ்சி தாடையில இருந்து நெஞ்சு வரைக்கும் ஊத்திருச்சு. அப்போ பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில கிடந்தோம், அந்தச் செலவுக்கு இன்சூரன்ஸ் காசு குடுத்தாங்க, இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா புண்ணு ஆறினதோட முடிஞ்சிருச்சுன்னு நினைக்கறாங்களே, அங்கதான் எனக்கு பத்திக்கிட்டு வருது. தழும்பு தடிச்சு, இறுகி, கழுத்துல கயிறு கட்டின மாதிரி நிக்குது. புள்ள வளருவா, தழும்புத் தோல் அவகூட வளராது, அதனால வருஷம் போகப் போக இழுக்கும். அண்ணாந்து ஃபேனைப் பாருன்னா கீழ் உதடு தானா இறங்குது. கிளாஸ்ல போர்டு மேல எழுதினதைப் படிக்கறதுக்கு இடுப்புல இருந்து பின்னால சாயறா. இதை சரி பண்றது அழகுக்காம்!

தழும்பு மேல சிலிகோன் ஷீட் ஒட்டினோம். பிரஷர் கார்மென்ட்னு தழும்பை அமுக்கிப் புடிக்கற இறுக்கமான துணி போட்டோம், குளிக்கறப்போ மட்டும்தான் கழட்டணும், நம்ம ஊரு வெயில்ல அதை ஒரு குழந்தை போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போறது என்னன்னு போட்டவளுக்குத்தான் தெரியும். தழும்புக்குள்ளயே ஸ்டீராய்டு ஊசி போட்டாங்க, நான் காலைப் புடிச்சுக்கிட்டேன், அவர் கையைப் புடிச்சுக்கிட்டார். அப்புறம்தான் லேசர். ஒரு சிட்டிங் 8,500, அதுக்கு மேல ஜிஎஸ்டி 18 பர்சென்ட், 1,530. ஆக மொத்தம் 10,030. ஆறு சிட்டிங் முடிஞ்சிருச்சு, 60,180 கட்டியாச்சு. வளையல் ரெண்டு பேங்க்ல இருக்கு.

இப்போ அந்த ஜிஎஸ்டி கதையைக் கேளுங்க. முதல் தடவை ரிஜெக்ட் ஆனப்போ இன்சூரன்ஸுக்கு போன் பண்ணேன். இருபது நிமிஷம் பாட்டு போட்டுட்டு ஒரு பொண்ணு வந்துச்சு.

"மேடம், லேசர் காஸ்மெடிக்ல வரும் மேடம்."

"இது தீக்காயத் தழும்பும்மா. கழுத்து திரும்பல."

"பில்லுல ஜிஎஸ்டி போட்டிருக்கு மேடம். வைத்தியம்னா ஜிஎஸ்டி வராதே மேடம்."

சரின்னு பஸ் புடிச்சு கிளினிக்குக்கு ஓடினேன். பில்லிங்ல இருக்கற பையன் சொல்றான், "லேசர்னு அடிச்சா சிஸ்டம்ல தானா 18 வந்துரும் மேடம்." மாத்திக் குடுப்பா, கொதிகஞ்சி கொட்டின புள்ளைன்னு ஃபைலைக் காட்டினேன். அதுக்கு அவன், "இன்சூரன்ஸ்ல இருந்து இது வைத்தியம்தான்னு ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க, எடுத்துடறோம்." திரும்ப அந்தப் பொண்ணுகிட்ட. "பில்லை மாத்தினா பார்க்கறோம் மேடம்." திரும்ப கிளினிக். ஒரு வாரம் இப்படியே நடந்தேன். இவங்க அவங்களைக் கை காட்டறாங்க, அவங்க இவங்களைக் கை காட்டறாங்க, நடுவுல என் புள்ள கழுத்தைத் திருப்ப முடியாம நிக்குது.

அதுக்கப்புறம்தான் ராத்திரி ராத்திரியா உக்காந்து நானே படிச்சேன். ஜிஎஸ்டி வந்த 2017லயே போட்ட உத்தரவு அது, காஸ்மெடிக் சர்ஜரிக்கும் பிளாஸ்டிக் சர்ஜரிக்கும் வரி உண்டு, காயத்தால கெட்டுப்போன உறுப்பையோ அதோட வேலையையோ சரி பண்றதுக்குக் கிடையாதுன்னு அதுலயே இருக்கு. இன்சூரன்ஸ் பக்கம், கம்பெனிகளைக் கட்டுப்படுத்தற ஐஆர்டிஏஐ 2019ல எல்லா கம்பெனிக்கும் பொதுவா விலக்குகளை எழுதிக் குடுத்துச்சு. அதுல எக்ஸ்க்ல் 08னு ஒண்ணு. காஸ்மெடிக் சிகிச்சைக்குக் காசு கிடையாது, ஆனா விபத்து, தீக்காயம், கேன்சருக்கு அப்புறம் சீரமைக்கறதுக்கு இந்த விலக்கு பொருந்தாது. தீக்காயம்னு பேர் சொல்லியே எழுதியிருக்கு சார்! என் பாலிசி புக்லயே அந்தப் பக்கம் இருக்கு. மெயில்ல எக்ஸ்க்ல் 08னு நம்பர் போடத் தெரியுது, அந்த வாக்கியத்தை முடிவு வரைக்கும் படிக்கத் தெரியலயா?

டாக்டர் பாவம், ரெண்டு பக்கத்துக்கு லெட்டர் எழுதிக் குடுத்தார், கழுத்து எத்தனை டிகிரி திரும்புதுன்னு அளந்து போட்டார். ரெண்டாவது தடவை அனுப்பினேன், ரிஜெக்ட். போட்டோ கேட்டாங்க. பதினொரு வயசுப் பொண்ணை சட்டைப் பட்டன் கழட்டி சுவத்து ஓரமா நிக்க வச்சு போட்டோ எடுத்தேன். "யாரும்மா இதைப் பார்ப்பாங்க?"ன்னு கேட்டா. என்ன சொல்லுவேன்? அந்தப் போட்டோவைப் பார்த்துட்டுத்தான் இன்னைக்கு காஸ்மெடிக்னு அனுப்பியிருக்காங்க.

24 மணி நேரம் அட்மிட் ஆகல, ஓபிடிக்கு, அதாவது படுக்காம வந்து பார்த்துட்டுப் போற வைத்தியத்துக்கு, உங்க பாலிசியில இடமில்லன்னு சொல்லியிருந்தாகூட சண்டை போட்டிருப்பேன், ஆனா மனசு இப்படி எரிஞ்சிருக்காது. பணம் இல்லேன்னு சொல்லு. அழகுக்குன்னு சொல்லாத. ஏற்கனவே கல்யாண வீட்டுல ஒருத்தி விடாம "பொம்பளப் புள்ளையாச்சே, இப்படி ஆயிருச்சே"ன்னு அவ முன்னாடியே உச் கொட்டறா. அவளுக்கும் இவங்களுக்கும் கண்ணுல படறது ஒண்ணுதான். புள்ளைக்கு வலிக்குதான்னு ஒருத்தரும் கேக்கல.

2025 செப்டம்பர் 21 வரைக்கும் இந்த இன்சூரன்ஸ் பிரீமியத்துக்கும் 18 பர்சென்ட் ஜிஎஸ்டி கட்டினோம். ஒரு வருஷம்கூட ஒரு நாள் தள்ளிக் கட்டினதில்ல.

கம்பெனிக்கு கம்ப்ளெய்ன்ட் எழுதி அனுப்பியாச்சு. முப்பது நாள் பார்ப்பேன், அப்புறம் இன்சூரன்ஸ் புகாரை விசாரிக்கற சென்னை ஓம்புட்ஸ்மேன் ஆபீஸ். அங்க ஃபீஸ் கிடையாது, வக்கீலும் வேண்டாம். நீங்களும் இப்படி மாட்டியிருந்தா விட்றாதீங்க. அடுத்து டாக்டர் ஆபரேஷன் பண்ணி இழுப்பை எடுத்து விடணும்னு சொல்லியிருக்கார், அதுக்கும் இதே வார்த்தையை அனுப்ப விடமாட்டேன்.

புள்ள மேல கஞ்சி கொட்டின அன்னையில இருந்து அத்தை சோறு வடிக்கறதை விட்டுட்டாங்க. முப்பத்தஞ்சு வருஷம் வடிச்ச கை. குக்கர் சாதம் அவங்களுக்கு எறங்கவே மாட்டேங்குது, அரை வயிறுதான் சாப்பிடறாங்க, கேட்டா போதும்னுடறாங்க. அந்தக் குக்கருக்கும் நேத்து கேஸ்கட் போயிருச்சு, கடைக்காரர் இந்த மாடலுக்கு இப்போ வர்றதில்ல, புதுசு வாங்கிக்கங்கன்றார். வாங்கி நாலு வருஷம்கூட ஆகலங்க!