நிக்கல்சனின் பெயரைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததைப் பலரும் காணொளியில் பார்த்திருப்பீர்கள் என்பதால் அதை இங்கே விவரிக்கப் போவதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பாரசீக சூஃபிக் கவிஞர் ரூமியின் வரிகளை அடுக்கடுக்காகச் சொல்லிக் கைதட்டல் வாங்கிய பேச்சாளர், அவரை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த அறிஞர் நிக்கல்சனின் பெயரைக் கேட்டதும் "அவர் வெறும் அகராதிக்காரர்" என்று கையை உதறினாரே, அந்த ஒரு நொடி மூன்று நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. அந்தப் பேச்சாளர் சொன்னவை ஆங்கிலம் வழியாக வந்த வரிகள். அந்த ஆங்கிலத்துக்கு அடியில் கிடப்பது நிக்கல்சனின் உழைப்பு. அமெரிக்காவில் ரூமியைப் பரப்பிய கோல்மன் பார்க்ஸ் பாரசீகம் அறியாதவர். நிக்கல்சனும் அவருடைய மாணவர் ஆர்பெரியும் செய்த மொழிபெயர்ப்புகளைக் கொண்டே தம் கவிதைகளை ஆக்கினார், அதை மறைக்கவும் இல்லை. நம்மவர்களுக்கு மட்டும் அந்தப் பெயர் ஏன் கசக்கிறது?

ஏறத்தாழ 25,000 ஈரடிகள் கொண்ட ரூமியின் நெடுங்காவியமான மஸ்னவியை மூலம், மொழிபெயர்ப்பு, விளக்கவுரை என எட்டுத் தொகுதிகளாக 1925 முதல் 1940 வரை வெளியிட்டவர் கேம்பிரிட்ஜில் இருந்த ரெனால்ட் நிக்கல்சன். மூன்றாம் பாகத்தின் நடுவில் இருந்தபோது, ரூமி மறைந்து ஐந்தே ஆண்டுகளில், 1278இல், எழுதி முடிக்கப்பட்ட கொன்யா சுவடி (கொன்யா, ரூமி வாழ்ந்து மறைந்த துருக்கி நகரம்) அவருக்குக் கிடைத்தது. முதல் இரண்டு பாகங்கள் அதற்குள் அச்சேறிவிட்டன. வேறொருவராக இருந்தால் பேசாமல் இருந்திருப்பார். அவரோ அங்கிருந்து அந்தச் சுவடியையே அடிப்படையாக்கிக்கொண்டு, முன்பு அச்சிட்ட பகுதிக்கும் அதன் பாடபேதங்களை, அதாவது அதில் சொற்கள் வேறுபடும் இடங்களை, பின்னர் வெளியிட்டார். தாம் அச்சிட்டதைத் தாமே திருத்திக்கொள்ளும் இந்த நேர்மைக்குப் பெயர் அகராதி வேலையா?

எனக்குப் பாரசீகம் சொல்லிக்கொடுத்த முதியவர், நாணற்குழலைப் பாடும் மஸ்னவியின் முதல் ஈரடியிலேயே ஒரு மாலை முழுவதும் என்னை உட்கார வைத்தார். பரவலான பாடத்தில் குழல் கதை சொல்கிறது, பிரிவுகளைப் பற்றி முறையிடுகிறது; கொன்யா சுவடியில் அது முறையிடுகிறது, பிரிவுகளின் கதையைச் சொல்கிறது. முக்கியமாக, ஹிகாயத் (கதை), ஷிகாயத் (முறையீடு) என்ற இரண்டு சொற்கள் இடம் மாறியிருக்கின்றன. ஆனால் காதில் முதலில் விழுவது கதையா அழுகையா என்பது மாறிவிடுகிறது. அவர் பூதக்கண்ணாடியை அந்த வரியின்மேல் நகர்த்தி நகர்த்திக் காட்டியதை நான் மறக்கவில்லை. இதை உணர்ச்சியற்ற ஆராய்ச்சி என்பவர்கள் அந்த மேசையருகே ஒரு நாள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நிக்கல்சன் ஈரானையே பார்த்ததில்லை என்பீர்கள். உண்மைதான், அவர் ஐரோப்பாவைத் தாண்டவில்லை. அந்தக் கூட்டத்தில் கைதட்டியவர்களில் எத்தனை பேர் பார்த்தார்கள்? காலனிய அறிஞர் என்பீர்கள். நம் துணைக்கண்டத்துக் கவிஞர் இக்பாலின் பாரசீகக் காவியத்தை 1920இல் மொழிபெயர்த்து மேற்குலகுக்கு அறிமுகம் செய்தவரும் அவர்தான் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: மஸ்னவியில் பச்சையாக வரும் பகுதிகளை ஆங்கிலத்தில் தராமல் இலத்தீனில் மறைத்துவைத்தது தவறு, அதற்காக நான் வாதாட மாட்டேன். நடை வறண்டது என்ற குறையிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அது மூலத்தோடு வரி வரியாக வைத்துப் படிப்பதற்கென்று செய்யப்பட்டது. அந்த வறண்ட வரிகள் இல்லாவிட்டால் உங்கள் இனிய வரிகள் எங்கிருந்து வந்திருக்கும்?

கவிதையை உணர வேண்டும், ஆராயக் கூடாது என்று, இதுபற்றி நான் முன்பு இட்ட பதிவின் கீழ் ஒருவர் எழுதியிருந்தார். இன்னொருவர் பண்டிதத் திமிர் என்றார். அது வலித்தது. பதினோரு ஆண்டுகளாக மாலை நேரங்களை இந்த மொழிக்குக் கொடுத்திருக்கிறேன், இன்னும் ஒரு பக்கத்தைத் தடுமாறாமல் படிக்க முடியவில்லை. திமிர் கொள்ள என்னிடம் என்ன இருக்கிறது? என் ஆசிரியரின் பெயரையும் யாரும் எங்கும் அச்சிட்டதில்லை, அவர் கேட்டதும் இல்லை. பிறருக்காக எழுத்தெண்ணிப் படித்தவர்களை இப்படிக் கையால் உதறித் தள்ளுவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்தப் பேச்சு நூலாக வரப்போகிறது என்று அறிவித்திருக்கிறார்கள். முன்னுரையில் ஒரே ஒரு வரி போதும்: ரெனால்ட் நிக்கல்சன், 1868–1945.