எப்லி பயிற்சி செய்தால் தலைசுற்றல் திரும்பவே வராதா?

‘படுக்கையில் புரண்டால் தலை சுற்றுகிறதா? எப்லி பயிற்சியை ஒருமுறை செய்தால் போதும், ஆயுசுக்கும் வராது’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. முதல் பாதி ஓரளவு சரி. பின்பாதி தவறு.

உட்காதில் இருக்கும் கால்சியம் கார்பனேட் துகள்கள் இடம் பெயர்ந்து உடலின் சமநிலையை உணரும் அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டால், தலையைத் திருப்பும்போது சில விநாடிகள் எல்லாமே சுழலும். அமெரிக்கக் காது மருத்துவர் ஜான் எப்லி 1992இல் வெளியிட்ட முறை, தலையையும் உடலையும் ஒரு வரிசையில் திருப்பி, அந்தத் துகள்களைக் குழாயிலிருந்து வெளியேற்றுகிறது. பெரும்பாலோருக்கு ஓரிரு முறையிலேயே குணம் தெரியும். ஆனால் நாளைக்கு வேறு துகள்கள் கழன்று விழுவதை அதனால் தடுக்க முடியாது. சில ஆண்டுகளுக்குள் மூன்றில் ஒருவருக்காவது இது திரும்புகிறது. அப்படித் திரும்பினால், பயிற்சியைத் தப்பாகச் செய்துவிட்டோமோ என்று தயவுசெய்து வருந்தாதீர்கள்.

வயது, எலும்பு அடர்த்திக் குறைவு, தலையில் அடி, ஒற்றைத் தலைவலி ஆகியவை இது திரும்பும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. வைட்டமின் டி குறைவும் அப்படித்தான். 2020இல் வெளியான கொரிய ஆய்வில், குறைபாடு இருந்தவர்களுக்கு வைட்டமின் டியும் கால்சியமும் கொடுத்தபோது தலைசுற்றல் திரும்புவது குறைந்தது. அதற்காக நீங்களே மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம். ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு மருத்துவரிடம் கேளுங்கள்.

அப்புறம், தலைசுற்றலோடு பேச்சு குழறினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, கை கால் மரத்தாலோ பயிற்சி எதுவும் வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.