யூனியன் ஜாக்: கப்பலில் மட்டும்தானா?

பிரிட்டன் கொடி பற்றி ஒரு தகவல் பொது அறிவுத் துணுக்காக அடிக்கடி பகிரப்படுகிறது: "கப்பலில் பறந்தால்தான் அது யூனியன் ஜாக். தரையில் பறந்தால் யூனியன் ஃப்ளாக். மாற்றிச் சொல்வது தவறு." இது உண்மையல்ல.

இரண்டு பெயரும் சரியே. பிரிட்டிஷ் கடற்படையை நிர்வகித்த, கடல்மரபில் ஊறிய அட்மிரால்டி துறையே 1902இல் இரண்டில் எதையும் பயன்படுத்தலாம் என்று அறிவித்துவிட்டது. 1908இல் நாடாளுமன்றக் கேள்வி ஒன்றுக்கு அரசு தரப்பில் வந்த பதில், 'யூனியன் ஜாக்' தேசியக் கொடியாகக் கருதப்பட வேண்டும் என்பது. தேசியக் கொடி என்றால் தரையிலும் பறப்பதுதானே!

குழப்பம் வந்த வழி புரியக்கூடியதே. கப்பலின் முன்முனையில் ஏற்றும் சிறிய கொடிக்குப் பொதுவாகவே 'ஜாக்' என்று பெயர். அதற்கான கம்பம் ஜாக்ஸ்டாஃப். பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்கள் துறைமுகத்தில் நிற்கும்போது அங்கே இந்தக் கொடியை ஏற்றுகின்றன. அதிலிருந்து யாரோ ஒரு விதியைக் கறந்துவிட்டார்கள்.

கட்டுப்பாடு உண்டு, ஆனால் அது பெயரில் இல்லை. யார் ஏற்றலாம் என்பதில்தான். 1634இலேயே முதலாம் சார்லஸ் மன்னர் இந்தக் கொடியை அரசுக் கப்பல்களுக்கு மட்டும் என்று ஒதுக்கினார். தனியார் கப்பல்கள் இன்றும் அதை அப்படியே ஏற்ற முடியாது. சுற்றிலும் வெள்ளைக் கரை வைத்த வடிவத்தைத்தான் ஜாக்காகப் பறக்கவிடலாம். ஆக, சாதாரணக் கப்பல்காரருக்குத் தரையில்தான் இந்தக் கொடியோடு சுதந்திரம் அதிகம்.