ஆந்தையைக் காப்பாற்ற ஆந்தையைச் சுடலாமா?

நேற்று ராத்திரி ஒரு தம்பி செய்தி ஒன்றை அனுப்பி, "அண்ணே, நீங்க ஆந்தைன்னா உயிரை விடுவீங்களே, இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று கேட்டிருந்தான். அமெரிக்காவில் 30 வருடத்தில் சுமார் 4.5 லட்சம் பட்டை ஆந்தைகள் வரை சுட்டுக் குறைக்கலாம் என்று 2024-ல் அங்குள்ள மத்திய வனவிலங்குத் துறை போட்ட திட்டம். படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. ஆனாலும் அதைச் செய்யத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன்.

வாஷிங்டன், ஆரிகன், கலிபோர்னியா பக்கத்துப் பழங்காடுகளில் இருப்பது வடக்குப் புள்ளி ஆந்தை. (நம்மூரில் சாயங்காலம் கீச்சிடும் புள்ளி ஆந்தை வேறு, பெயர்தான் ஒன்று.) காட்டை வெட்டித் தள்ளியதில் அது அருகிப்போய், 1990-ல் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தார்கள். மரம் வெட்டுவதும் வெகுவாகக் குறைந்தது. அப்படியும் அது தேறவில்லை, ஏனென்றால் அதற்குள் கிழக்கிலிருந்து பட்டை ஆந்தை வந்து சேர்ந்துவிட்டது. நடுவில் கிடந்த மரமில்லாத புல்வெளியில் குடியேறிய மனிதர்கள் காட்டுத்தீயை அடக்கி, மரங்களை நட்டு வளர்த்ததில் அதற்குப் பாதை கிடைத்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள். புள்ளி ஆந்தையைவிட உருவத்தில் பெரிது, முரடு, அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு அதை விரட்டிவிடும். புள்ளி ஆந்தை பறக்கும் அணிலையும் காட்டெலியையும் நம்பியிருக்க, இது தவளை, மீன், பூச்சி என்று எதையும் தின்னும், அதனால் கொஞ்ச இடத்திலேயே நிறைய ஜோடிகள் குடியிருக்கும்.

இயற்கை தானே பார்த்துக்கொள்ளும் என்று சிலர் சொல்கிறார்கள். ஒன்றின் காட்டை வெட்டியதும் நாம், இன்னொன்றுக்கு வழி போட்டதும் நாம், இதில் இயற்கை எங்கே வந்தது? சும்மாவும் சுடவில்லை. 3 மாநிலங்களிலும் 5 இடங்களில் சோதனை செய்து, 2021-ல் முடிவை வெளியிட்டார்கள்: பட்டை ஆந்தையை அகற்றிய இடத்தில் புள்ளி ஆந்தையின் சரிவு கிட்டத்தட்ட நின்றுவிட்டது, அகற்றாத இடத்தில் வருடத்துக்கு 12 சதவீதம் குறைந்துகொண்டே போனது. அதைப் பார்த்த பிறகுதான் என் மனசு மாறியது.

ஆனால் முதிர்ந்த மரம் நிற்காவிட்டால் அந்தச் சாவெல்லாம் வீண். ஏற்காட்டுக்காரனாக இதை அழுத்திச் சொல்வேன். இங்கே வெளியாந்தை வரவில்லை, வந்தது மரம். காப்பித் தோட்டத்தில் நிழலுக்கும் மிளகுக்கொடி ஏறவும் வைத்த சில்வர் ஓக், ஆஸ்திரேலியா மரம், கம்பு நட்டது மாதிரி நேராகப் போகும். இத்தனை வருடத்தில் அதில் ஆந்தைப் பொந்தை நான் பார்த்ததே இல்லை. நாகலூர் பக்கம் ஒரு தோட்டத்து அத்திமரத்தில், கை நுழையும் அளவு பொந்தில் புள்ளி ஆந்தை ஜோடி ஒன்று இருந்தது. அடியில் கக்கிப் போட்ட உருண்டைகளை உடைத்தால் எலியின் தாடை எலும்பு, வண்டுச் சிறகு. போன வருடம் போனபோது அடிக்கட்டைதான் இருந்தது. பொந்து விழுந்த மரம் விலைக்கும் போகாது, விறகுக்கு வெட்டிவிட்டோம் என்றார்கள்.

தோட்டம் வைத்திருக்கிற அண்ணன்மாரே, அடுத்த முறை நிழல் மரம் கழிக்க ஆள் ஏறும்போது பொந்து இருக்கிறதா என்று ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், எந்த நேரமானாலும் குப்பனூர் வழியாக வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.