சேர்வதற்கு ஓடிபி, விலகுவதற்கு ஆதார்

இன்று காலை ஏழேகாலுக்கு அம்மாவின் போனுக்கு ஒரு மெசேஜ். அம்மா பெயரைப் போட்டு, "உங்கள் ஹெச்பிஏ1சி பரிசோதனைக்கு நேரமாகிவிட்டது, இன்றே பதிவு செய்தால் தள்ளுபடி" என்று. மூன்று நாளாக எந்தத் தளத்திடம் எங்கள் தகவலை அழியுங்கள் என்று மல்லுக்கட்டினேனோ, அதே தளம். "யாருடி இவன்? எனக்குச் சுகர்னு இவனுக்கு யார் சொன்னது?" என்று அம்மா கேட்கிறாள். நான்தான் சொன்னேன். ரத்தம் எடுக்க வீட்டுக்கே ஆள் வருவார்கள் என்று ஆறு மாதத்துக்கு முன்னால் பெயர், வயது, முகவரி, என்னென்ன மாத்திரை என்று எல்லாவற்றையும் அதில் தட்டினேன். பரிசோதனைக்குத்தான் தந்தேன். காலம் முழுக்க அம்மாவைத் துரத்துவதற்குத் தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு ஆரம்பித்தது இது. மறுநாள் டாக்டரிடம் காட்ட பழைய ரிப்போர்ட்டை எடுக்கலாம் என்று உள்ளே போனேன். ரிப்போர்ட்டை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி எழும்பியது. 'உங்கள் தனியுரிமையை மதிக்கிறோம்.' கீழே பச்சை நிறத்தில், கட்டைவிரல் தானாகப் போய் விழுகிற அளவுக்குப் பெரிய பட்டன்: எல்லாம் சம்மதம். சம்மதம் இல்லை என்று சொல்ல பட்டனே கிடையாது. சாம்பல் நிறத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி மட்டும் இருந்தது. அதைத் தொட்டால் கம்பெனிப் பெயர்களாக விரிகிறது. விளம்பரக் கம்பெனி, அளவீட்டுக் கம்பெனி, கேள்விப்படாத ஏதேதோ கம்பெனி. ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச், எல்லாமே ஏற்கெனவே ஆனில். ஒவ்வொன்றாக அணைத்தேன். நாற்பதாவதில் கை தவறிப் பக்கம் மூடிக்கொண்டது. திரும்ப முதலிலிருந்து அணைத்து முடித்தால், இன்னொரு தாவலில் 'லெஜிட்டிமேட் இன்ட்ரஸ்ட்' என்ற பெயரில் அதே கம்பெனிகள், அதே சுவிட்சுகள், திரும்பவும் ஆனில்!

இது ஐரோப்பாவின் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரில் இருக்கிற வார்த்தை. சம்மதம் கேட்காமலே, 'எங்களுக்கு நியாயமான தேவை இருக்கிறது' என்று சொல்லித் தகவலை எடுத்துக்கொள்ள ஒரு வாசல். நம் 2023 தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வாசலே கிடையாது. பெட்டியை அங்கிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டினவர்கள் இன்னொன்றையும் பார்த்திருக்கலாம். ஏற்பது எவ்வளவு சுலபமோ மறுப்பதும் அவ்வளவு சுலபமாக இல்லை என்பதற்காகவே பிரான்ஸின் தனியுரிமைக் கண்காணிப்பு அமைப்பான சிஎன்ஐஎல் கூகுளுக்கு 15 கோடி யூரோ, பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோ அபராதம் போட்டது. இங்கேயும் ஒன்றைப் பெரிதாகக் காட்டி இன்னொன்றை மறைக்கும் இந்த வேலை, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடுத்த 13 ஏமாற்று உத்திகளில் ஒன்று. யார் போய்க் கேட்கிறார்கள்?

அப்போதுதான் கணக்கையே மூடிவிடுவது என்று முடிவு செய்தேன். செட்டிங்ஸில் 'அழி' இல்லை. 'தற்காலிகமாக நிறுத்து' இருக்கிறது. தனியுரிமைக் கொள்கையைத் திறந்தேன். முகப்பில் தமிழ் உண்டு, தள்ளுபடி தமிழில், பேக்கேஜ் விலை தமிழில். கொள்கை மட்டும் ஆங்கிலத்தில், உருட்ட உருட்ட முடியாமல். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இருக்கிற 22 மொழிகளில் எதில் வேண்டுமானாலும் அறிவிப்பைப் படிக்க வசதி தர வேண்டும் என்று நம் 2023 சட்டமே சொல்கிறது. அம்மா ஆங்கிலம் படிக்க மாட்டாள். அவள் ரத்தத்தைப் பற்றிய ஒப்பந்தம் அது.

கடைசியில், குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லியிருந்தது. அனுப்பினேன். மறுநாள் பதில்: ஆதார் அட்டையின் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து, கையெழுத்துப் போட்ட கடிதத்தோடு அனுப்பவும். எனக்குக் கை நடுங்கியது. கணக்கு தொடங்கும்போது என்ன கேட்டீர்கள்? ஒரு போன் நம்பர், ஒரு ஓடிபி. பத்து விநாடி. வெளியே போக ஆதாரா? இருப்பதை அழி என்று கேட்டால், இல்லாததையும் கொடு என்கிறீர்களே! சம்மதம் தருவது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அதே அளவு சுலபமாக இருக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் ஆறாவது பிரிவில் எழுதியிருக்கிறது. அதையே மேற்கோள் காட்டிப் பதில் போட்டேன். அதற்கு வந்தது, "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?"

அதுதான் நேற்று. இன்று காலை மெசேஜ்.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் சொன்னார்கள். சட்டம் வர ஆறு வருடம். விதிகள் வர 2025 நவம்பர். அதற்கு மேல் 18 மாத அவகாசம். முக்கியமான கடமைகள் எல்லாம் 2027 மே மாதம்தான் கட்டாயமாகும். பச்சைப் பட்டனை வைக்க அவகாசம் கேட்டார்களா? அழிக்கிற பட்டனுக்கு மட்டும் ஏன் ஒன்றரை வருடம்?

அந்தச் சட்டத்தைத் தேடித் தேடிப் படித்ததில் வயிறு இன்னும் எரிகிறது. முந்தைய வரைவுகளில் உடல்நலத் தகவலுக்குத் தனிப் பாதுகாப்பு இருந்தது. 2023 சட்டத்தில் அந்தப் பிரிவினையே இல்லை. அம்மாவின் சர்க்கரை அளவும் அவள் செருப்பு அளவும் அதில் ஒன்றுதான். தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி வரை அபராதமாம். நல்லது, போடுங்கள். ஆனால் அந்தப் பணம் மொத்தமும் அரசாங்கக் கஜானாவுக்குப் போகிறது. பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்க தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருந்த 43ஏ பிரிவையும் எடுத்துவிடுகிறார்கள். அற்பமான புகார் என்று முடிவானால் நமக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. தகவல் யாருடையதோ அவருக்கு அந்தச் சட்டம் வைத்திருக்கிற பெயர் 'டேட்டா பிரின்சிபல்'. பள்ளிக்கூடத்துப் பிரின்சிபலுக்காவது ஒரு நாற்காலி இருக்கும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அம்மா போன் அடித்தது. ஹாலில் அம்மா யாரிடமோ ரொம்ப அன்பாகப் பேசுவது கேட்டது. "வெறும் வயித்துல நூத்தி நாப்பத்திரெண்டும்மா. சாப்பிட்டப்புறம் இருநூறு தாண்டிடுது." ஓடிப்போய்ப் பார்த்தால் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து பேசுகிறதாம் ஒரு பெண். இந்த நம்பரும் சுகரும் அந்தப் பெண்ணுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று கேட்க போனைப் பிடுங்கினேன், அதற்குள் வைத்துவிட்டாள். அம்மாவைக் கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். முடியவில்லை, சிரிப்பு வந்துவிட்டது.

"ஏன்டி பிடுங்கற? பாவம், காலையிலிருந்து அந்தப் பொண்ணு ஒண்ணும் சாப்பிடலையாம்" என்கிறாள் அம்மா.