பத்தாயமும் மதகும் ஒன்றல்ல

சில்லின் உறுப்புகளை இயக்கவும் அவற்றின் நிலையை அறியவும் உதவும் சாதன ரெஜிஸ்டர்கள் இருக்கும் முகவரிப் பரப்பை, சில்லைக் கணினியில் போலச்செய்யும் எமுலேட்டரில் வெறும் பைட் வரிசையாக எழுதி வைத்துவிட்டு, ஃபர்ம்வேர் (சில்லுக்குள் ஓடும் நிரல்) ஓடுகிறது, வேலை முடிந்தது என்று எழுந்து போய்விடுகிறவர்கள் மீது எனக்குள்ள கோபத்தை இனியும் அடக்கி வைக்க முடியவில்லை.

ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாரைக் குறுஞ்செய்தியால் இயக்கும் கருவிக்குக் கும்பகோணத்தில் இருந்தபடி ஃபர்ம்வேர் எழுதுகிறேன். அதில் இருப்பது எஸ்டிஎம்32 எஃப்103 சில்லு. ஒவ்வொரு திருத்தத்துக்கும் மன்னார்குடிப் பக்கத்து வயலுக்கு ஓட முடியாது என்பதால்தான் எமுலேட்டரை நம்பினேன். என் கைக்கு வந்த, எமுலேட்டருக்காக யாரோ எழுதிய சாதன மாதிரியில் இரண்டு வாரம் பிசகில்லாமல் ஓடிய அதே ஃபர்ம்வேர், வயலில் முதல் இரவே உறைந்து நின்றது. மும்முனை மின்சாரம் வந்த நள்ளிரவில் அந்த விவசாயி டார்ச் விளக்கோடு வரப்பில் நடந்து போய், கையால் ஸ்டார்ட்டரைப் போட்டு நாற்றங்காலுக்குத் தண்ணீர் விட்டிருக்கிறார்.

காரணத்தைக் கண்டுபிடிக்க நான்கு நாள் ஆயிற்று. அந்தச் சில்லில் தரவை பைட் பைட்டாக அனுப்பி வாங்கும் உறுப்பான யூசார்ட்டில், நிலை ரெஜிஸ்டரைப் படிப்பதற்கும் தரவு ரெஜிஸ்டரைப் படிப்பதற்கும் இடையே அடுத்த பைட் வந்துவிட்டால், தரவு வந்திருக்கிறது என்னும் பிட் அணைந்து, தரவு தவறிவிட்டது என்னும் ஓவர்ரன் பிட் மட்டும் எரிந்துகொண்டிருக்கக்கூடும். நிலையைப் படித்து, அதன்பின் தரவையும் படித்தால்தான் அது அணையும். யூசார்ட் கூப்பிட்டதும் மற்ற வேலையை நிறுத்திவிட்டு ஓடும் என் இன்டரப்ட் நிரலோ முதல் பிட்டை மட்டும் பார்த்துத் திரும்பியது. ஓவர்ரன் அணையாததால் இன்டரப்ட் மறுபடி மறுபடி எழுந்து, மற்ற எந்த வேலைக்கும் இடம் கொடுக்கவில்லை. பிழை என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிழையைப் பிடித்துக் கொடுக்கத்தானே எமுலேட்டர்? அந்த மாதிரியில் ஓவர்ரன் என்னும் பிட்டே உயிர்பெறவில்லை.

ரேம் என்பது பத்தாயம்; கொட்டிய நெல்தான் திரும்ப வரும். ரெஜிஸ்டர் என்பது மதகு. பலகையைத் தொட்டாலே வாய்க்காலில் ஏதோ நடக்கும். படித்தாலே அணையும் பிட் உண்டு, 1 எழுதினால் 0 ஆகும் பிட் உண்டு, எழுத மட்டுமே முடிகிற ரெஜிஸ்டரும் உண்டு. இதையெல்லாம் சில்லின் கையேடு பிட் பிட்டாகச் சொல்லியிருக்கும்போது, படிக்காமல் எழுதுவதற்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

இதைவிடக் கொடுமை, அதே மாதிரியில் கடிகாரக் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டருக்குச் செய்திருந்த வேலை. கடிகாரத் துடிப்பைத் தரும் வெளிக் கிரிஸ்டல் தயாராகும்வரை ஃபர்ம்வேர் ஒரு பிட்டைப் பார்த்துக் காத்திருக்கும். அந்தச் சுழலைத் தாண்டுவதற்காக, அந்தப் பரப்பில் எந்த முகவரியைப் படித்தாலும் எல்லா பிட்டும் 1 என்று திருப்பித் தரும்படி எழுதியிருந்தார்கள். கிரிஸ்டல் பழுதானால் என்ன ஆகும் என்று இனி யாரும் அதில் சோதிக்கவே முடியாது. ஃபிளாஷ் நினைவகம் தன் முகவரியிலும் பூச்சிய முகவரியிலும் ஒரே பொருளாகத் தெரிய வேண்டும் என்பதையும் மறந்து, இரண்டு தனித்தனி நகல்களை வைத்திருந்தார்கள்.

வசதி இல்லாமலா இப்படிச் செய்தார்கள்? கியூஇஎம்யு என்னும் எமுலேட்டரில் ஒவ்வொரு பரப்புக்கும் தனித்தனி வாசிப்பு, எழுத்துச் சார்புகளைத் தரலாம்; ஒரு பரப்பையே வேறொரு முகவரியில் மாற்றுப்பெயராகக் காட்டலாம்; இன்னும் எழுதாத சாதனத்தை யாராவது தொட்டால் பதிவு செய்யும்படியும் வைக்கலாம்.

நேற்றிரவு அந்த யூசார்ட்டின் 1 கிலோபைட் பரப்பை நானே திரும்ப எழுதினேன். இரண்டு வாசிப்புகளுக்கு நடுவே ஒரு பைட்டை நுழைத்து ஓட்டினேன். மன்னார்குடி வயலில் உறைந்தது போலவே ஃபர்ம்வேர் என் மேசையிலும் உறைந்து நின்றது.